வெளிச்சவீட்டுக்குத் தைச்ச திரை

ஞாயிறு இரவு, டார்னெய்ட்.

சந்தோசத்தில நித்திரை வரமாட்டனெண்டுது.

வடக்குக் குயின்ஸ்லாந்துக் கரையில ஒரு பழைய வெளிச்சவீட்டைத் திருத்துகினம். அதின்ர பெரிய லென்ஸைப் பகலில திரை போட்டு மூடவேணும். இல்லாட்டி வெயில் அதுக்குள்ளால குவிஞ்சு நெருப்புப் பிடிக்குமாம். அந்தத் திரையை நான்தான் தைச்சுக் குடுத்தனான். சாறி பிளவுஸ் தைச்ச கை சும்மா இருக்குமே? உள்ளுக்குத் துணி விட்டு, பிறகு பெருப்பிக்கலாமெண்டு ரெண்டு வரி தையல் போட்டன்.

"வெளிச்சவீடு என்ன, கொழுக்கப்போகுதே?" எண்டு என்ர மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்குச் சரியான ரோசம். ஆனாலும் ஒரு வரியையும் பிரிக்கேல்ல.

இண்டைக்கு மத்தியானம் அங்க வேலை செய்யிற ஜூலி வீடியோ கோல் எடுத்தா. அழுவாரைப்போல முகம்.

"அளவைப் பிழையா அனுப்பிட்டம். திரை நடுவில மூடுதில்லை, வெயில் உள்ள வருது."

"உள்வரித் தையலைப் பிரியுங்கோ" எண்டன்.

பிரிச்சு இழுத்தா. அச்சொட்டாப் பொருந்திச்சுது! அவ அங்க துள்ள, நான் இங்க துள்ள.

மனுசன் வேலையால பிந்தி வந்து, இப்ப பக்கத்தில குறட்டை விடுறார். விடியட்டும். தேத்தண்ணியைக் கையில குடுத்திட்டுத்தான் சொல்லுவன்: இஞ்சேருங்கோ, வெளிச்சவீடு கொழுத்துப்போச்சு.