பின் சீட்டில் சொன்ன சேதி

மார்ச் 4, புதன்

கடையில் இன்று நாள் முழுக்க மறுமணப் பேச்சு. ஆரம்பித்து வைத்தது பஞ்சாயத்து அக்கா. எதிர்க் கட்டடத்தில் இருக்கிறவர். எதைப் பற்றியாவது தீர்ப்புச் சொல்லாமல் முடி வெட்டிக்கொள்ள மாட்டார், அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர். அவர் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, குழந்தை இருக்கிற ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். "தெரிஞ்சே போய் மாட்டிக்கறா பாரு" என்றார். நான் "ஆமாங்க்கா" என்றேன். அடுத்து வந்த கல்லூரிப் பெண் "அதுல என்ன ஆன்ட்டி தப்பு?" என்றாள். அவளுக்கும் "ஆமாம்மா" என்றேன். ஒரு கையில் அடுத்தவர் தலை, இன்னொரு கையில் கத்தரி. அந்த நேரத்தில் நான் யாரோடும் வாதாடுவதில்லை.

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வகுப்பை முடித்துவிட்டு வழக்கம்போல் காலியாக இருந்த இரண்டாவது நாற்காலியில் டீயோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைப் பார்த்தபடியே அவரும் ஒரு தீர்ப்பை வைத்தார்: "அடுத்தவங்க பிள்ளையை வளக்கறது லேசுப்பட்ட காரியமா? அந்தப் பொண்ணோட அப்பா எப்படித்தான் ஒத்துக்கிட்டாரோ."

மார்ச் 7, சனி

பக்கத்து வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மறுபடி கதவைத் தட்டினார். இவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்த முகமாக "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்றார். எனக்கு மானம் போயிற்று.

மார்ச் 8, ஞாயிறு

பாப்பா வந்திருந்தாள். முப்பதைத் தாண்டிவிட்டாள், ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைச் சோதிக்கிறாள், ஆனாலும் எங்களுக்குப் பாப்பாதான். ஞாயிறு காலையில் இவர்தான் காரில் போய் அழைத்துவருவார்.

மதியம் பாத்திரம் கழுவும்போது என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"அப்பாகிட்ட சொல்லிட்டேம்மா. வர்ற வழியில கார்லயே."

"என்னத்தடி சொன்னே?"

சொன்னாள். யாரோ ஒருவர் இருக்கிறார் என்று நான் எப்போதோ மோப்பம் பிடித்திருந்தேன். கணக்கு வாத்தியார் என்பது இன்றுதான் தெரியும். மனைவி இறந்துவிட்டதும், ஆறு வயதில் ஒரு பெண் இருப்பதும் கூட இன்றுதான் தெரியும். பொய் சொல்வானேன், பஞ்சாயத்து அக்காவின் குரல்தான் முதலில் காதில் விழுந்தது. பிறகு இவள் முகத்தைப் பார்த்தேன். அந்த வாண்டுக்கு முன்பல் விழுந்த கதையை ஈரக் கையோடு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். யார் பிள்ளை என்று இவளிடம் போய் என்ன கேட்பது?

"அப்பா என்ன சொன்னார்?"

"ஒரு கேள்விகூட கேக்கலம்மா. ரோட்டைப் பாத்துக்கிட்டே சரி, சரின்னு தலையாட்டினார். நான்தான் கண்டதையும் நினைச்சு எத்தனை நாள் பயந்துட்டிருந்தேன்!"

இந்த மாதக் கடைசி ஞாயிறு அவர்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிவருகிறாளாம்.

இவரா? புதன்கிழமை அப்படிப் பேசிய மனிதரா? மகள் என்றதும் மனசு இப்படி இளகுமா? எனக்கு இவர் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. பாப்பாவை அனுப்பிவிட்டு வந்து டீயை நீட்டினேன். வாங்கிக்கொண்டே சொல்கிறார்: "பாப்பா கல்யாணத்தைப் பத்தி இனிமே நாமதான் பேச்சை எடுக்கணும். அவளா வாயைத் திறக்கற மாதிரி தெரியல."

டம்ளரைக் கீழே போடாமல் இருந்தது பெரிய விஷயம்.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டு நாளாக உளவு பார்க்கிறேன். சமையலறையில் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பேசினால் பதில் இல்லை. கடையில் பேசினால் உடனே பதில். அதுதான் குழப்பியது. வீட்டில் வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருக்கிறார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் முதுகைப் பார்த்து முணுமுணுப்பது எனக்கும் பழகிவிட்டது. நேரில் 'நீங்க', முதுகுக்கு 'நீ'. 'நீ நல்லா இருப்பியா, ஈரத் துண்டை இப்படிக் கட்டில் மேல போடறியே' என்று வாய்க்கு வந்தபடி. அவர் திரும்பியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று இன்று முடி கூட்டும்போது பிடிபட்டது. லாண்டரியிலிருந்து வந்த கடைத் துண்டு மூட்டை முன் சீட்டில். பாப்பா பின் சீட்டில். இவர் கண் ரோட்டில். என் கடையிலோ சுவர் முழுக்கக் கண்ணாடி, எல்லார் வாயும் அதில் தெரியும். மனுஷன் வாயைப் பார்த்துப் பார்த்தே காலம் தள்ளியிருக்கிறார்!

ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாம் "சார் மாதிரி பொறுமைசாலி உண்டா, நாங்க என்ன புலம்பினாலும் சரிம்மா சரிம்மான்னுதான் சொல்வார்" என்பார்கள். இப்போதல்லவா தெரிகிறது.

மார்ச் 11, புதன்

நேராகவே கேட்டுவிட்டேன். காது டாக்டரிடம் போவோமா?

"எனக்கு எல்லாம் நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் ஆளாளுக்கு முணுமுணுக்கறீங்க."

"கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கலையா? அந்த மாதிரிதானே இதுவும்?"

"மூக்கு மேல கண்ணாடி போட்டா படிச்சவன்னு சொல்வாங்க. காதுல மெஷின் மாட்டினா கிழவன்னு சொல்வாங்க. ஆளை விடு."

கோபம் வந்தாலும், அவர் சொன்னதில் பாதி நிஜம். கடையில் விதவிதமான மூக்குக்கண்ணாடியை எனக்குக் காட்டிப் பெருமைப்படுகிறார்கள். காது மெஷின் போட்டவர்கள் மட்டும் "அது தெரியாத மாதிரி முடியைக் கொஞ்சம் இறக்கி விடுங்க" என்று மெதுவாகச் சொல்வார்கள். கண்ணுக்கு ஒரு நியாயம், காதுக்கு ஒரு நியாயம். யார் பிரித்து வைத்தார்கள்?

மார்ச் 13, வெள்ளி

பாப்பா சொன்னதை நானே இவரிடம் சொல்லிவிடலாம். ஆனால் பிறகு அந்தத் தலையாட்டல் என்ன ஆவது? ஒருவேளை 'முடியாது' என்றுவிட்டால்? அந்தச் 'சரி'யை நம்பித்தானே பெண் இப்படிச் சிரித்துக்கொண்டு திரிகிறாள். இல்லை. அவளே சொல்லட்டும், இவர் காதாலேயே கேட்கட்டும். அதற்கு முதலில் காது வேண்டும்.

மார்ச் 16, திங்கள்

கடை விடுமுறை. முடி வெட்டிவிடுகிறேன் என்று இவரைக் கீழே கூட்டிப் போனேன். உட்கார வைத்துப் போர்வை கட்டிவிட்டு, கண்ணாடியைப் பெரிய துண்டால் மூடினேன். "எதுக்கு?" என்றார். "துடைக்கணும்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். பிறகு பின்னால் போய் நின்று சாதாரணக் குரலில் சொன்னேன்: "ஏங்க, மேல நம்ம வீடு பத்தி எரியுது."

"ம்... சரி" என்றார். கொஞ்சம் கழித்து, "நல்லதுதான்" என்றார்.

சிரிப்பு வந்தது. துண்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் நின்று, துளிச் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன்: வீடு பத்தி எரியுது. மனுஷன் போர்வையோடு குதித்து எழுந்து வாசல் வரைக்கும் ஓடிவிட்டார்.

அங்கேயே நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் என் வாயைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"நீ சத்தமே போடல இல்ல?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். இப்படிப் பண்ணியிருக்க வேண்டாமோ? வேறு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

மார்ச் 17, செவ்வாய்

இன்று டிவி போடவில்லை.

மார்ச் 19, வியாழன்

அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு "வா, போகலாம்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. வழியில் மெல்லச் சொன்னார்: "கத்துக்க வர்ற பிள்ளைங்க என்னை நம்பி வண்டியில ஏறுது. பின்னால ஹாரன் அடிச்சா கேக்கணும்ல. எனக்காக இல்லாட்டியும்." இரண்டு காதுக்கும் மெஷின் வேண்டும் என்றார் காது டாக்டர். அளவெடுத்தார்கள். அது வரும்வரைக்கும் வகுப்புக்குப் போவதில்லை என்று இவரே முடிவு பண்ணிவிட்டார்.

மார்ச் 25, புதன்

மெஷின் வந்தது. மாட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். ஃபிரிட்ஜ் பக்கத்தில் போய் நின்று "இது எப்பவுமே இப்படித்தான் உறுமுமா?" என்றார். என் செருப்புச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார். "சாப்பிட வாங்க" என்று நான் வழக்கம்போல் கூப்பிட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"எதுக்கு இப்படிக் கத்துற? பக்கத்துலதானே இருக்கேன்."

பிறகு தனியாக உட்கார்ந்து எனக்கு அழுகை. எத்தனை வருஷமாகக் கத்தியிருக்கிறேன்!

மார்ச் 27, வெள்ளி

பாப்பாவுக்கு போன் பண்ணி உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப அப்பா சரின்னு சொல்லவே இல்லையா?"

"அவருக்குக் கேக்கலடி தங்கம்."

"எதையுமேவாம்மா?"

மார்ச் 28, சனி

லீவு போட்டுவிட்டு வந்தாள். இவருக்கு எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை மறுபடி சொன்னாள். நான் அடுப்பைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் முடித்ததும் இவர், "குழந்தை வேற இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். சாப்பிடவும் வரவில்லை. பாப்பா அவள் பழைய அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். நாளைக்கு அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடவா என்று கேட்டாள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்தேன். ஏன்தான் அந்த மெஷினை வாங்கினோமோ. கேட்காமலே இருந்திருக்கலாம் மனுஷன். சரி சரி என்றே இருந்திருக்கலாம்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் பாப்பாவின் அறை வாசலில் போய் நின்றார். நான் பின்னால்.

"அன்னிக்கு ஆட்டின தலை ஆட்டினதுதான்" என்றார்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "உங்களுக்குத்தான் கேக்கவே இல்லையேப்பா."

"கேக்கலதான். ஆனா வண்டியில பின்னால பாக்கற கண்ணாடி இருக்குல்ல? அதுல உன் வாய் தெரியாது, கண்ணு மட்டும்தான் தெரியும். உன் கண்ணுல அவ்ளோ சந்தோஷத்தை நான் பாத்து ரொம்ப நாளாச்சு. நீ என்ன சொல்றேன்னு தெரியல, எதுவா இருந்தாலும் சரின்னுதான் தலையாட்டினேன். கேக்காததுக்குச் சரி சொல்லிட்டு, கேட்ட பிறகு மாட்டேன்னு சொன்னா நான் என்ன மனுஷன்?"

கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, "பயமா இருக்கு. அது மட்டும் இருக்கு" என்றார்.

"எனக்கும்தாம்ப்பா" என்றாள் அவள்.

பத்து மணிக்கு வந்தார்கள். வாத்தியார் எங்களைவிட அதிகமாகப் பயந்துபோய், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வாண்டு நேராக இவரிடம் போய், பல்லில்லாத வாயால் "உங்க காதுல என்ன?" என்றது. அப்பாக்காரருக்கு முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். இவர் ஒரு மெஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இது இருந்தா நீ ரகசியம் சொன்னாக்கூட எனக்குக் கேக்கும்."

அதை மறுபடி மாட்டிக்கொண்டதும் வாண்டு அவர் காதோடு ஏதோ சொன்னது. என்ன என்று எங்கள் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றுவிட்டார். போகும்போது அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கியது.

ஏப்ரல் 1, புதன்

பஞ்சாயத்து அக்கா விசாரணைக்கு வந்தார். "ஏற்கெனவே குழந்தை இருக்காமே?" நான் கத்தரியைக் கீழே வைத்தேன். "ஆமாங்க்கா, எங்க பேத்தி" என்றேன். பாதி வெட்டிய தலையோடு அவரால் எழுந்து போக முடியவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஏப்ரல் 6, திங்கள்

அடுத்த வாரம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அன்றைக்குப் போர்வை கட்டியதோடு நின்றுபோன இவருடைய முடிவெட்டை இன்று எடுத்துக்கொண்டேன். முடி விழுந்தால் கெட்டுவிடும் என்று இரண்டு மெஷினையும் கழற்றி டப்பாவில் வைத்தார். "காதை மறைக்கற மாதிரி விடட்டுமா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன். "எதுக்கு? நல்லா ஒட்ட வெட்டு" என்றார்.

பிடரிக்கு வந்தேன். முடி பூராவும் நரை. அவருக்குக் கேட்காது என்ற பழைய தைரியத்தில், அந்தப் பிடரியைப் பார்த்து வாய் தானாக முணுமுணுத்தது: "நல்ல மனுஷன்யா நீ. இன்னொரு தடவை பொறந்தாலும் உன்னையேதான் கட்டிக்குவேன்."

நிமிர்ந்தேன். கண்ணாடி! எதிரே அவர் கண்கள் என் வாய் மேலேயே இருந்தன.

"என்னது, 'நீ'யா?" என்றார். எனக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. "பேசாம உக்காருங்க, ஆடினா காது போயிடும்" என்று அதட்டினேன்.

அவர் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி டப்பாவைத் திறந்தார். முடி விழுந்தால் விழட்டும் என்று இரண்டையும் நிதானமாக மாட்டிக்கொண்டார். பிறகு கண்ணாடியில் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பச் சொல்லு" என்றார்.

கத்தாமல், மெதுவாகச் சொன்னேன்.