அந்த இறக்கத்தில் சைக்கிள் ஓட்டியது நான்

அனுப்புநர்:
திருமதி பாலாம்பிகை தியாகராஜா,
உறுப்பினர் இல. 47,
குட்மேய்ஸ், லண்டன்.

பெறுநர்:
திரு. சண்முகராசா அவர்கள்,
தலைவர்,
கிழக்கு லண்டன் தமிழர் சைக்கிள் கழகம்.

பொருள்: 22.06.2025 அன்று நடந்த விதிமீறலுக்காக என் கணவர் திரு. தியாகராஜாவுக்கு விதிக்கப்பட்ட ஒரு வருடத் தடையை என் பெயருக்கு மாற்றக் கோருதலும், திராட்சை அறுவடைச் சவாரி குறித்த வேண்டுகோளும்.

மதிப்புக்குரிய தலைவர் ஐயாவுக்கு,

பாதுகாப்புக் குழு 04.07.2025 அன்று அனுப்பிய கடிதம் கிடைத்தது. கென்ற் மலைப்பாதைச் சவாரியின்போது உறுப்பினர் தியாகராஜா தன் மனைவியைக் கரியரில் டபிள் ஏற்றிச் சென்றது, சீற்றும் மிதியும் இல்லாத இடத்தில் ஆளை ஏற்றக்கூடாது என்ற விதி ஒன்பதுக்கு மாறானது என்று அதில் கண்டிருக்கிறது. விதி ஒன்பது சரி. மாறானது என்பதும் சரி. ஏற்றியவரும் ஏறியவரும்தான் கடிதத்தில் இடம் மாறிவிட்டார்கள். ஓட்டியது நான். பின்னால் இருந்தது அவர். நடந்ததை நடந்தபடி கீழே எழுதுகிறேன்.

1. கழகத்தின் அமைதிப் பாதைகளைப் பதினொரு வருடங்களாக வரைந்து தருபவர் என் கணவர் என்பது தாங்கள் அறிந்ததே. ரயிலால் இறங்கியதும் ஒரேயொரு பெரிய வீதியைக் கடக்க வேண்டும். அதன்பின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் ஒடுங்கிய பாதைகள்தான். காருக்கு ஒதுங்க வேண்டிய தேவை ஒரு மணித்தியாலத்தில் இரண்டு தரம் வந்தால் அதிகம். ஒவ்வொரு சவாரிக்கும் முந்திய வாரம் அவர் தனியாகப் போய் அந்தப் பாதை முழுவதையும் சைக்கிளில் ஓடிப் பார்த்து வருவார். வேலி வெட்டிய முள் எங்கே கிடக்கிறது, எந்த வீட்டு நாய் கேற்றுக்கு வெளியே வரும், எந்த வளைவில் மணல் சேர்ந்திருக்கிறது என்று குறித்து வருவார். ஞாயிற்றுக்கிழமை அறுபது பேரும் கதைத்துச் சிரித்தபடி போய் வருகிறோம். இதற்காக அவர் ஒருநாளும் மேடையில் மாலை கேட்டதில்லை.

2. கடந்த பெப்ரவரியில் அவருக்குப் பார்கின்சன் நோய் இருப்பதாக வைத்தியர்கள் சொன்னார்கள். இது எனக்கும் எங்கள் மகள் தனுஷியாவுக்கும் மட்டும் தெரிந்த விடயம். வேறு ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். சொன்னால் எல்லோரும் தலையைச் சரித்துக்கொண்டு சுகம் விசாரிப்பார்கள், அது தனக்கு ஏலாது என்றார்.

3. சம்பவ தினம் நாங்கள் இருவரும் வழக்கம்போலக் கடைசியில் வந்தோம். திராட்சைக் கொடிகள் பூத்திருந்தன. கண்ணாடி போட்டுப் பார்த்தால் மட்டும் தெரிகிற பச்சைப் பூக்கள். அதைக் காட்டத்தான் மேட்டின் உச்சியில் அவர் நிற்பாட்டினார் என்று நினைத்தேன். அப்படியல்ல. அங்கிருந்து முக்கால் மைல் செங்குத்தான இறக்கம். அவருடைய இடது கை விரல்கள் பிரேக்கைப் பிடிக்க மறுத்துவிட்டன. மூன்று தரம் முயன்றார். பிறகு கையை மழைச்சட்டைப் பையினுள் வைத்துக்கொண்டு, தோட்டத்தைப் பார்ப்பதுபோல் நின்றார். முப்பத்தாறு வருடமாகக் கூட வாழ்கிறவளிடம் அந்த நடிப்பு எடுபடவில்லை.

4. நடந்து இறங்கலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். சைக்கிள் சப்பாத்தின் அடியில் இருக்கும் தகடு அந்தச் சரிவில் வழுக்கியது. நோயால் ஏற்கெனவே இழுபடும் கால் அது. பத்து அடிக்குள் இரண்டு தரம் தடுமாறினார். அவரைக் கரியரில் ஏறச் சொன்னது நான். அவர் மாட்டேன் என்றார், நான் அதட்டினேன். என்னுடையது கழகத்தினர் "கத்தரிக்காய் வண்டி" என்று பகிடி பண்ணும் அதே சைக்கிள்தான். அப்டன் பார்க்கில் மரக்கறி வாங்கப் போவதும் அதில்தான். அதன் கரியர் பலமானது, பிரேக் அதைவிடப் பலமானது. ஊரில் அவர் என்னை எத்தனையோ தரம் டபிள் ஏற்றியிருக்கிறார். நான் அவரை ஏற்றியது அன்றுதான் முதல் தரம். நடப்பவரின் வேகத்தைவிட மெதுவாக, இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி இறங்கினேன். அவருடைய சைக்கிளைத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெண், கொடி கட்டும் கயிற்றால் கேற்றோடு கட்டிப் பத்திரமாக வைத்திருந்தார். பின்னேரம் தனுஷியா காரில் போய் எடுத்துவந்தாள்.

5. இறக்கத்தின் பாதியில் சுஜீத் தம்பி பின்னாலிருந்து எங்களைப் படம் எடுத்திருக்கிறார். சில்லுக்குக் காற்று அடிக்க நின்றதால் அவர் எங்களுக்கும் பிந்தி வந்தவர். "இந்த வயதிலும் காதல்" என்று எழுதி வட்ஸ்அப் குழுவில் போட்டார். நாற்பத்து மூன்று பேர் சிரித்தார்கள். இருவருக்கும் ஒரே நீல மழைச்சட்டை, ஒரே ஹெல்மெற். பின்னால் இருப்பவர் இரண்டு கால்களையும் ஒரு பக்கமாகப் போட்டிருக்கிறார். எங்கள் ஆட்களின் கண்ணுக்கு, கரியரில் ஒருபக்கமாக இருந்தால் அது பெண்தான். பாதுகாப்புக் குழுவும் அந்தக் கண்ணாலேயே பார்த்துவிட்டது. அவர் அப்படி இருந்ததற்குக் காரணம், காலைத் தூக்கி மறுபக்கம் போட அவரால் முடியவில்லை. சுஜீத் தம்பி கெட்ட மனதோடு செய்தவரல்ல. அவரைத் தயவுசெய்து ஏச வேண்டாம்.

6. விசாரணையில் என் கணவர் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கையைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். தடையை ஏற்றுக்கொண்டு, வணக்கம் சொல்லி எழும்பி வந்துவிட்டார். எனக்குக் கோபம் ஐயா. அவர் மீது கோபம், குழு மீது கோபம். ஓட்டியது யார் என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

7. ஒரு விடயத்தை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். 2017இல் அதே இறக்கத்தின் இரண்டாவது வளைவில் தாங்கள் வேலிக்குள் விழுந்தது ஞாபகம் இருக்கும். அன்று தங்களைத் தூக்கிவிட்டவர் என் கணவர். முதுகில் குத்திய முள்ளை ஒவ்வொன்றாக எடுத்ததும் அவர். அவர் கையிலும் போன் இருந்தது. படம் எடுக்கவில்லை, ஒருவருக்கும் சொல்லவுமில்லை. அடுத்த வருட வரைபடத்தில் அந்த வளைவுக்கு "மெதுவாக" என்று மட்டும் சிவப்பில் குறித்தார். இதை நன்றிக்கடனாக நான் கேட்கவில்லை. ஆளின் குணம் தெரிய வேண்டும் என்றே எழுதினேன்.

8. தடைக் கடிதம் வந்தபின் அவர் சைக்கிளைத் தொடவில்லை. வரைபடங்களையெல்லாம் ஒரு உறையில் போட்டு, புதிய ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி மேசையில் வைத்திருக்கிறார். சைக்கிள் ஓடுவது அவருடைய உடம்புக்கு நல்லது, விடவேண்டாம் என்று தாதி தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கழகத்துக்கு ஒரு வருடம் என்பது ஒரு வருடம்தான். அவரிடம் ஓடக்கூடிய வருடங்கள் எத்தனை மிச்சம் என்று எந்த வைத்தியரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதில் ஒன்றைத் தப்பான பெயருக்கு எழுதிய கடிதத்துக்காகக் கொடுக்க எனக்கு மனமில்லை.

9. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

(அ) தடையை அவர் பெயரிலிருந்து நீக்கி என் பெயரில் பதிய வேண்டும். குற்றம் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

(ஆ) 28.09.2025 அன்று நடக்கும் அறுவடைச் சவாரிக்கு மட்டும் என் தடையைத் தளர்த்த வேண்டும். இருவர் முன்பின்னாக இருந்து மிதிக்கும் டண்டம் சைக்கிள் ஒன்றைக் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் தெரிந்தவர் ஒருவர் இரவல் தருகிறார். அதில் இருவருக்கும் சீற் உண்டு, இருவருக்கும் மிதி உண்டு. விதி ஒன்பது அதைத் தடுக்காது, வாசித்துப் பார்த்துவிட்டேன். முன்னால் நான் இருப்பேன். ஹாண்டிலும் பிரேக்கும் என் பொறுப்பு. அவர் பின்னால் இருந்து மிதிப்பார், பாதை சொல்வார். பாதை சொல்ல அவருக்கு விரல்கள் தேவையில்லை.

(இ) இந்த மனுவைக் குழுவில் வாசிக்கலாம். வட்ஸ்அப்பில் மட்டும் போட வேண்டாம்.

நோயைப் பற்றி எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். மறுநாள் காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "எழுதிறதெண்டால் முழுக்க எழுது. நீதான் ஓடினனி எண்டதையும் எழுது" என்றார். அதனால்தான் முழுவதும் எழுதியிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கீழே இரண்டு கையெழுத்துகள் உள்ளன. இரண்டாவது, கழகப் பதிவேட்டில் இருக்கும் அவருடைய பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகாது. வேறு யாரோ வைத்தது என்று தயவுசெய்து சந்தேகப்பட வேண்டாம். அதை எழுத அவருக்கு நான்கு நிமிடங்கள் எடுத்தன. நான் கை பிடித்து உதவவில்லை. அவர் விடவுமில்லை.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) பாலாம்பிகை தியாகராஜா

(ஒப்பம்) க. தியாகராஜா

இடம்: குட்மேய்ஸ், லண்டன்
திகதி: 12.07.2025