சாலை உப்பு என்று நான் சொன்ன பனி

ஜனவரி 11, ஞாயிறு

நான் பாசீலிடம் போய் உதவி கேட்டேன் என்று ரொட்டிக் கடையில் பேசிக்கொள்கிறார்களாம். கேட்கவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன் எங்கள் இரண்டு திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே இடிந்த கல்சுவரை அவர் ஒரு சாண் என் பக்கம் தள்ளிக் கட்டினார். அன்றிலிருந்து ஞாயிறு பூசையில் அக்கம்பக்கத்தாருக்குச் சமாதானம் சொல்லும்போதுகூட நான் அவர் பக்கம் திரும்புவதில்லை.

நடந்தது இதுதான். நவம்பரில் கொடிகளைப் பந்தலிலிருந்து அவிழ்த்துத் தரையில் படுக்கவைத்தேன். மண் அணைப்பதற்குள் விழுந்து தோளை உடைத்துக்கொண்டேன். பனி விழுந்தால் குளிர் தாக்காமல் அதுவே போர்வை. இந்த வருடம் விழவில்லை, வெறும் குளிர். வெள்ளிக்கிழமை மேலே போனால், என் மூன்று வரிசைகளின் மீதும் பனி குவித்திருக்கிறது. டிராக்டர் தடம் அவர் வாசலிலிருந்து வருகிறது.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜனவரி 12

ஊரில் எங்கும் பனி இல்லாதபோது அவருக்கு மட்டும் எங்கே கிடைத்தது? கணவாய்ச் சாலையில் இயந்திரம் ஒதுக்கிய குவியல்தான் பக்கத்தில் இருக்கிறது. சாலை உறையாமலிருக்கத் தூவும் உப்பு அதில் கலந்திருக்கும். உப்புத் தண்ணீர் இறங்கினால் வேர் போச்சு.

பனியை ஒரு கையால் தள்ளினேன். சுவரோர வரிசை முழுக்க. நடு வரிசையில் கடைசி மூன்று கொடிகள் பாக்கி இருக்கும்போது தோள் விட்டுப்போயிற்று. மூன்றாவது வரிசையைத் தொடவில்லை. நாளை.

ஜனவரி 13

எழுந்திருக்க முடியவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில், எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்: சாலை உப்பை என் கொடிகளில் கொட்டிவிட்டு அதற்கு அக்கறை என்று பெயர் வைக்க வேண்டாம் என்று.

பாசீல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "முப்பது நடை அடிச்சேன், மதாம். ஆத்துக்கு அந்தாண்ட, வெயில் படாத சரிவுல இருந்து. நாக்குல வச்சுப் பாருங்க." போய்விட்டார்.

வரும் வழியெல்லாம் என் நாத்தனார் ரோமில்டா சிரித்தாள். "ஒரு சிட்டிகை வாயில போட்டா கிரீடம் கழண்டுடுமா அண்ணி?"

போட்டுப் பார்க்கவில்லை.

ஜனவரி 27

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து மூன்று டிகிரி. சமையலறை ஜன்னலில் உட்புறமே பனிக்கட்டி.

பிப்ரவரி 4

இன்னும் அப்படியேதான். மேலே போகவில்லை. போய் என்ன செய்ய.

மார்ச் 16

சவர பிளேடால் கொடிக்குப் பத்து மொட்டுகளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை என்றால் உயிர், பழுப்பு என்றால் இல்லை. மூன்றாவது வரிசையில் பத்துக்கு எட்டு பச்சை. சுவரோரத்தில் பழுப்பு. அடுத்ததும் பழுப்பு. பத்து மொட்டும். நடு வரிசையிலும் அப்படியே — கடைசி மூன்று கொடிகள் வரும்வரை. அவை பச்சை.

என் கை ஓய்ந்த இடத்தில் பச்சை ஆரம்பிக்கிறது.

என்னையே கேட்டுக்கொண்டேன்: யாரைக் கேட்டுத் தள்ளினே? அவரு கேக்கலேன்னு சொன்னியே, நீ அந்தக் கொடியைக் கேட்டியா?

மே 24, ஞாயிறு

வேரிலிருந்தாவது துளிர் வரும் என்று காத்திருந்தேன். சுவரோரத்தில் பதினொன்றும் முழுதாகச் செத்துவிட்டன.

ரோமில்டா ஃபோந்தீனா பாலாடைக்கட்டியும் ரொட்டியும் கொண்டுவந்தாள். நர்சரியில் கன்று வாங்கச் சொன்னாள். இந்த ஊரில் பிறந்தவள் பேசுகிற பேச்சா. இங்கே யாரும் கன்று வைப்பதில்லை. பக்கத்துக் கொடியின் கிளையை வளைத்து மண்ணில் புதைப்போம். மூன்று வருடம் அது தாயிடம் குடிக்கும். சொந்த வேர் பிடித்த பிறகு வெட்டுவோம். நடு வரிசையை என் மூன்றாவது வரிசையிலிருந்தே நிரப்பிவிடலாம். சுவரோரத்துக்கு எட்டக்கூடிய உயிருள்ள கிளை சுவருக்கு அந்தப் பக்கத்தில், பாசீலிடம்தான் இருக்கிறது.

"அப்ப கேளுங்க."

கேட்பதா என்றேன்.

"இல்லேன்னா பதினோரு குழியையும் பாத்துக்கிட்டே உக்காந்திருங்க. எனக்கென்ன வந்தது."

எழுபத்தெட்டு வயதில் இன்னும் மூன்று வருடத்துக்கு ஏற்பாடு. களைப்பாக இருக்கிறது.

ஜூன் 9

நான்காவது முறை எழுதினேன். அடித்தல் திருத்தலோடு கடிதம் அனுப்பினால் நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் சகோதரிகள் மறுபடி எழுத வைப்பார்கள். இது சுத்தமாக வந்திருக்கிறது. பிரதி:

திரு. பாசீல் அவர்களுக்கு,

நீங்கள் கொண்டுவந்த பனியில் உப்பு இல்லை. அதன் கீழ் கிடந்த கொடிகள் பிழைத்திருக்கின்றன. நான் சோதிக்காமல் பேசினேன். சென்ற ஞாயிறு அதே கோயில் வாசலில் அதைச் சொன்னேன். அன்று நீங்கள் வரவில்லை, ஆகவே எழுதுகிறேன். சுவர் ஒரு சாண் தள்ளி இருப்பது வேறு விஷயம்.

நான் பனியைத் தள்ளியதால் சுவரோரம் என் பதினொரு கொடிகள் செத்தன. உங்கள் முதல் வரிசையில் கொடிக்கு ஒரு நீண்ட கிளையைக் கோடையில் வெட்டாமல் விடும்படி கேட்டுக்கொள்கிறேன். இலை உதிர்ந்ததும் சுவரைத் தாண்டிக் கொண்டுவந்து என் மண்ணில் புதைப்பேன். மூன்று வருடம் உங்கள் கொடிகளுக்குப் பாரம், காய்ப்பு குறையும். வெட்டும் காலத்தில் நான் இல்லையென்றால் தயவுசெய்து நீங்களே வெட்டிவிடுங்கள்.

சம்மதமா இல்லையா என்பதை இம்மாத முடிவுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.