ஊர் கைதட்டிய பேச்சு

ரிமூஸ்கி, கியூபெக்
ஜூன் 26

அன்பு மருமகள் வஃபாவுக்கு,

உன் மாமியார் உகெட் எழுதுவது. நான் நலம். உன் மாமனார் ரெழானுக்கு முழங்கால் வலி. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. ஒட்டாவாவில் நீங்கள் இருவரும் சுகமா? புதுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்களா? என் மகன் சில்வான் போன் செய்தால் மழை, வெயில் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் நம் கியூபெக்கின் தேசியத் திருநாள். மைதானம் முழுக்க நீலக்கொடி, வழக்கம்போல மழை. உன் மாமனார்தான் திருநாள் உரை வாசிக்க வேண்டும். ஐந்து வருடமாக அதை எழுதிக் கொடுத்தவள் நீ என்பது நம் வீட்டோடு இருந்த ரகசியம். "இந்தப் பிரெஞ்சு மொழி பேசுகிற எல்லோருக்கும் இந்த ஆறு சொந்தம்" என்று போன வருடம் நீ எழுதிய வரிக்கு, கறிக்கடை நோர்மான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இந்த வருடம் மனிதர் மூன்று நாள் உட்கார்ந்தும் மூன்று வரி தேறவில்லை. "கியூபெக் தனி நாடாகணும்னு ரெண்டு தடவை ஓட்டுப் போட்டவன்டி நான், எனக்கா எழுத வராது?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். வரவில்லை.

வெறுங்கையோடு மேடையேறினார். "நீங்க இத்தனை வருஷம் கைதட்டுனதெல்லாம் என் மருமக எழுதுனது. அல்ஜீரியாவுல பொறந்தவ. முக்காடு போட்டிருக்கான்னு பள்ளிக்கூடத்துல நிரந்தர வேலை இல்லைன்னுட்டாங்க. அந்தத் தடை இல்லாத ஊருக்கே போயிட்டா. அதனால இந்த வருஷம் உரை இல்ல" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

கூட்டத்திலிருந்து நோர்மான், "டேய் ரெழான், அஞ்சு வருஷமா எங்களை ஏமாத்துனியா?" என்று கத்தினான். சிலர் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "முக்காட்டைக் கழட்டியிருந்தா முடிஞ்சுது, சட்டம்னா சட்டம்தானே" என்று சொல்லிவிட்டு, ஆமாம் போடச் சொல்லி என்னைப் பார்த்தார்.

என்னை ஏன் பார்த்தார் என்பதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. நீ இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தின வருடம், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மத அடையாளம் எதுவும் அணியக் கூடாது என்கிற அந்தச் சட்டம் வேண்டுமென்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவள் நான். சில்வானுக்குத் தெரியும்.

என் அம்மாவுக்குப் பதினோரு பிள்ளைகள். வருடா வருடம் பாதிரியார் வாசலில் நின்று, "தொட்டில் காலியா இருக்கே, ஏம்மா?" என்று கேட்பார். பன்னிரண்டாவது பிரசவத்தில் அம்மா போய்விட்டாள். மதத்தின் மேல் வந்த அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பொய் சொல்ல மாட்டேன், உன் முக்காடு இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தப் பாதிரியார் மாதிரியேதான் நானும் வாசல் வாசலாகப் போய் நின்றிருக்கிறேன் என்பது நேற்று முன்தினம்தான் உறைத்தது. அந்த ஆளுக்கு நான் ஆமாம் போடவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நேற்று நோர்மான் வந்து, "அடுத்த வருஷம் அவளே வந்து வாசிக்கட்டும், மேடைக்குச் சட்டம் கிடையாதே" என்றான். உன் மாமனார் அதற்குள் நீ வருவாய் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நீ யோசித்துச் சொல்.

கிறிஸ்துமஸுக்காவது இருவரும் வாருங்கள். பன்றிக்கறி போடாமல் மாட்டுக்கறியையே மாவில் பொதிந்து பண்டிகைப் பை சுடப் பழகிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே வா, மகளே. வாசலில் நான்தான் நிற்பேன். எதுவும் கேட்க மாட்டேன்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் மாமியார்,
உகெட்