கிடாரோடு வந்த தகர டப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். அங்கே நீ அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருந்தால் போதும், வேறெதுவும் எனக்கு வேண்டாம். மேலே படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய். அம்மா கிடார் கம்பியை மீட்டும் பிக் இருக்கும் தகர டப்பாவை ஹீட்டர் மேலிருந்து எடுத்துக்கொண்டு போய், வெளியே சிமெண்ட் தரையில், கட்டடத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டு வா. திறந்து பார்க்காதே. கோட்டைப் போட்டுக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உங்கள் வானிலை நிலையத்துக்கு லைன் கிடைக்கவில்லை, முப்பத்தொரு தடவை போட்டுப் பார்த்தேன், அதனால்தான் காலையில் சாமான் ஏற்றி வரும் வேன் டிரைவரிடம் இதைக் கொடுக்கிறேன். வாயாலும் சொல்லியிருக்கிறேன். ஒரு டப்பாவுக்கா சார் இவ்ளோ பதட்டம் என்று சிரித்தார்.

வைத்துவிட்டாயா? சரி, சொல்கிறேன். அம்மா போன பத்தாம் நாள், நான் வர்ற வரைக்கும் அவ கிடாரை யாரும் தொடக்கூடாதுப்பா என்று நீ பெட்டியைப் பூட்டிச் சாவியையும் அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனாய். பூட்டினால் மட்டும் போதாது என்று எனக்குப் பட்டது. எங்கள் லேபில் பிரஷர் கேஜ்களை அனுப்பும்போது எப்படிக் கட்டுவோமோ அப்படியே, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மேலே வைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக்கை மூன்று சுற்றுச் சுற்றி, தேதி போட்டு லேபிளும் ஒட்டினேன். நிலை: மிக நன்று. அடுத்த பரிசோதனை: மகள் வந்த பின். எட்டு மாதமாக அது அலமாரி மேல் அப்படியே இருந்தது, நானும் தினமும் லேபிளைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

வாசனையை முதலில் பிடித்தது அத்தைதான். சனிக்கிழமை வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல், டேய், வீடாடா இது, எலி எங்கயோ செத்துக் கிடக்கு, உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா என்று ஆரம்பித்தாள். எனக்கு எலி மாதிரித் தெரியவில்லை, புளித்துப்போன கற்பூரம் மாதிரி இருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரி என்றேன், அப்புறம் சாக்கடைக் குழாய் என்றேன். காரணம் சொல்வதில் நான் கெட்டிக்காரன், உனக்குத் தெரியும். மூச்சு வாங்குதுங்க என்று உன் அம்மா சொன்னபோதும் படிக்கட்டு செங்குத்து என்று சொன்னவன்தானே. கடைசியில் ஸ்டூல் போட்டு ஏறினேன். பிளாஸ்டிக்குக்கு உள்ளே பித்தளைக் கொக்கி பச்சையாகிக் கிடந்தது. லேபிள் மட்டும் புதிதாக இருந்தது.

பூட்டை உடைத்தேன் பாப்பா. உன்னைக் கேட்காமல் உடைத்தேன், அதற்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. கிடாரின் மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, மேடாகச் செதுக்கிய அந்த மேல்பலகை அப்படியே பளபளவென்று இருக்கிறது. விரல் படாமல் இருக்க ஓரத்தில் மாட்டியிருக்கும் ஆமை ஓட்டு நிறத் தட்டு மட்டும் வெல்லப்பாகு மாதிரி விரிசல் விட்டு, வியர்த்திருந்தது. அதற்குக் கிட்டே போன கம்பிகள் இரண்டு தானாக அறுந்திருந்தன. அம்மா பசைக்காரர் என்று பேர் வைத்தாளே, அந்த ரிப்பேர்காரரை உடனே கூப்பிட்டேன். வந்தவர் கையுறையைப் போட்டுக்கொண்டு தட்டைக் கழற்றினார். இந்த மாதிரி ஒண்ணு இனிமே கிடைக்காது சார், நீங்க பத்திரமா வச்சே கொல்லப் பார்த்திருக்கீங்க என்றார். தட்டு அந்தக் காலத்து செல்லுலாய்டாம். வயசானால் அழுகி ஆவி விடுமாம், காற்றோட்டம் இருந்தால் மெல்லப் போகும், அடைத்து வைத்தால் தன் ஆவியிலேயே வேகமாக அழுகுமாம். சூடு பட்டால் பற்றிக்கொள்ளுமாம். அந்தத் தட்டிலிருந்து நகம் அளவு உடைத்து வாசலில் வைத்துத் தீக்குச்சி காட்டினார். குப்பென்று எரிந்து, நான் ஒன்று என்று எண்ணுவதற்குள் இல்லாமல் போனது. பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, இதோட ஒரு தகர டப்பா வந்துச்சே, அதுல இருக்கிற பிக்கும் இதே சரக்குதான், அது எங்க சார் என்று கேட்டார்.

போன வாரம் போனில் நீ சந்தோஷமாகச் சொன்னாய். டப்பாவை ஹீட்டர் மேலே வச்சிருக்கேன்பா, சூட்டுல அம்மா விரல் வாசனை வருது, ராத்திரி தலையணை கிட்ட வச்சுக்கிறேன், ஆனா உள்ளே போட்ட அவ மோதிரம்தான் ஏனோ பச்சையாயிடுச்சு என்று. ரொம்ப நாளைக்கு அப்புறம் நீ சிரித்ததால் நானும் சரிம்மா என்றேன். மோதிரத்தைக் கேட்டதும் எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீ சொன்னது பொய்யில்லை. நாளெல்லாம் பிக்கைத் தேய்த்துத் தேய்த்து அம்மா விரலில் இருந்தது அந்தக் கற்பூர வாசனைதான். ஆனால் இப்போது டப்பாவிலிருந்து வருவது அது அழிகிறபோது விடுவது. அவள் இல்லை பாப்பா அது. இதை எழுதுவதற்கு எனக்கு அரை மணி நேரம் ஆனது.

கிடார் கூடத்தில் திறந்தபடி இருக்கிறது, ஜன்னலும் திறந்திருக்கிறது. தட்டு இருந்த இடத்தில் வெளுத்த தடம் ஒன்று விழுந்திருக்கிறது, அது போகாதாம். நீ வந்து புதுக் கம்பி போடு. மனசில் தைரியத்தோடும் உடம்பில் தெம்போடும் நீண்ட ஆயுசோடு இரு. மோதிரத்தை எடுக்கப் போகாதே, மோதிரம் போனால் போகட்டும். வேன் புதன்கிழமை திரும்பி வரும். வெளியே வைத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதி டிரைவரிடம் கொடு. நான் கேட்டிலேயே நிற்பேன்.

உன் அப்பா