கூண்டிலிருந்து வந்த மறுமொழி

திரேஸ்புரம்,
ஞாயிறு மாலை

அன்பு மகன் மாரிச்செல்வத்துக்கு,

நான் நலம். மஸ்கட்டில் நீயும் மருமகளும் அவ்வாறே இருக்க விழைகிறேன். தொலைபேசி இருக்க அம்மா ஏன் தாளெடுத்தாள் என்று வியப்பாய். நலம் என்னும் சொல்லைக் குரலில் அனுப்ப எனக்கு இப்போது அச்சமாக இருக்கிறது. ஆகவே கையெழுத்தில் அனுப்புகிறேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சாளை மீன் மலிவாகக் கிடைக்கிறது, நீ அனுப்பிய, நலம் கேட்கும் கருவியின் பெட்டியும் வந்து சேர்ந்தது. அதை இன்னும் பிரிக்கவில்லை. சினம் கொள்ளாமல் முழுவதும் படி.

அடுத்த வீட்டு ஞானசௌந்தரி அக்காள் மறைந்ததை அறிவாய். எவ்வாறு மறைந்தாள் என்பதை உன்னிடம் மறைத்தேன். தோகாவிலிருக்கும் அவள் மகன் செல்வின் இதே கருவியைத்தான் சுவரில் மாட்டிக் கொடுத்திருந்தான். காலையும் மாலையும் அது நலம் கேட்கும். வீட்டிலிருந்து மறுமொழி எழுந்தால் அவன் கைப்பேசியில் பச்சை விளக்கு எரியும். குளியலறை வாயிலில் அக்காள் விழுந்து, பேச்சற்றுக் கிடந்த இரண்டு நாளும் பச்சை விளக்கு எரிந்தது. மறுமொழி சொன்னது அவள் வளர்த்த கிளி. படகு எந்திரம் பழுதுபார்க்கும் செபாஸ்டின் கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முதல் நாள் முழுவதும் உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். அடக்கத்துக்கு வந்த செல்வின், கூண்டிலிருந்து தாயின் குரல் எழுந்ததும் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினான். கிளியை நான் எடுத்துக்கொண்டேன்.

சென்ற வாரம் முதியோர் கொள்கைக்காக அரசு நம் சமுதாயக் கூடத்தில் மக்கள் கருத்தைக் கேட்டது. துறைமுக வாயிலில் தொழிற்சங்கக் கூட்டங்களில் முழங்கிய இந்த அருணாசலவடிவின் தொண்டை இன்னும் துருப்பிடிக்கவில்லை என்று காட்ட, ஓய்வூதியம் பற்றி உரை ஒன்று கட்டி வைத்திருந்தேன். செபாஸ்டின் என் வீட்டிலிருந்த கிளிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்தான். எதற்கடா இது என்றேன். "இதுவும் ஒத்தைல கெடக்குத வயசாளிதான அக்கா, மனு குடுக்கட்டும்" என்றான். எல்லாரும் சிரித்தோம். அலுவலர் இளைஞர், நல்லவர். தனித்து வாழும் முதியோர் வீடுதோறும் அரசே இக்கருவியைப் பொருத்தலாமா என்று கேட்டு, ஒன்றை மேசைமேல் வைத்து இயக்கிக் காட்டினார். அம்மா நலமா, உணவு உண்டீர்களா என்று அது வினவியது. கூண்டிலிருந்து வந்தது மறுமொழி: "சாப்புட்டேன் ராசா, நல்லாத்தான் இருக்கேன். நீ வேலயப் பாரு."

அதே குரல், மகனே. பேசி முடித்ததும் அக்காளுக்கு வரும் சிறு இருமலும் இருந்தது. மேசைமேல் பச்சை விளக்கு எரிந்தது. ஒருத்தி சிலுவைக் குறி இட்டாள். மற்றவர்கள் கிளியைப் பார்க்கவில்லை, வாயிலைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அலுவலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பார்த்தீர்களா, வேலை செய்கிறது என்று புன்னகைத்தார். கட்டி வைத்த உரை என் நாவிலிருந்து உதிர்ந்துபோயிற்று. எழுந்து ஒன்றே சொன்னேன்: "குரலைக் கேட்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். நாள்தோறும் ஓர் ஆள் வந்து கதவைத் தட்ட வேண்டும். அதை எழுதுங்கள்." எந்தத் துறை ஆள் தட்டுவது என்று அவர் கேட்டார். "எவன் வாரானோ அவன் தட்டட்டும் சார், மொதல்ல எழுதுங்க" என்றான் செபாஸ்டின். எழுதினார், கொள்கையில் ஏறுமா என்பதை அறியேன்.

அரசு வரும்வரை காத்திராமல் செபாஸ்டின் காலைதோறும் என் கதவைத் தட்டுகிறான். உன் பெட்டியைத் திருப்பி அனுப்பப் போகிறேன். அன்பை மறுப்பதாக எண்ணாதே. உன் கால்வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள், மருமகளைத் தனியே கடைக்கு அலையவிடாதே. இருவரும் நிறைவாழ்வு பெறுக.

ஒன்றை மட்டும் மறவாதே. நேற்று நான் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. கூடத்திலிருந்து என் குரல் கேட்டது: "நான் நலம், செல்வம்." இனி அச்சொல் உன் காதில் விழுந்தால் மகிழ்ந்து ஓய்ந்துவிடாதே, செபாஸ்டினை அழைத்து என் முகத்தைப் பார்க்கச் சொல்.

இதைத் தன் கையாலேயே எழுதிய,
உன் அம்மா
அருணாசலவடிவு