ஜீப் நின்ற தரை

பிப். 10, செவ்வாய்

காலையில் பனி. ஒன்பது மணிக்குத்தான் எதிர் எஸ்டேட் மரங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. கார் ஷெட்டைக் காலி செய்தேன். வெளியே வந்தவை: தேய்ந்த டயர் இரண்டு, ஜாக்கி, கயிறு, காய்ந்துபோன பெயின்ட் டப்பா, எதற்கென்றே தெரியாத நட்டு போல்ட்டு அரைச் சாக்கு. முதுகு விட்டுப்போச்சு.

ஜீப் போய் எட்டு நாள். வாங்கின கரடியூர்க்காரர் ஓட்டிக்கொண்டு போனபோது என் வீட்டுக்காரர் மேலே வீட்டு ஜன்னலை விட்டு நகரவில்லை.

முடிவு என்னுடையது. பக்கவாதம் வந்து இவருக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டு நான்கு மாதம். வீடு மேட்டில், ரோட்டிலிருந்து பதினொரு படி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் தூக்க இரண்டு ஆள் தேட வேண்டும். முப்பது வருஷம் மலையெல்லாம் ஜீப் ஓட்டின மனுஷன், மூட்டை மாதிரி தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். ஷெட் ரோட்டு மட்டத்தில் இருக்கிறது. அதை அறையாக்கிவிட்டால் வாக்கரைப் பிடித்துத் தானே வெளியே வரலாம். நான் நினைத்தது அவ்வளவுதான்.

ஜீப் போன அன்றைக்கு இவர் சொன்னது ஒரே வாக்கியம்: "ஜீப்ப எடுத்துட்டு அந்த எடத்துல என்னைய நிறுத்தறியா சரசு?"

அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை.

பிப். 11, புதன்

சேலத்திலிருந்து செந்தில் வந்தார். தரைக்கு எபாக்சி என்கிற பிசின் பூச்சுப் போடுகிறவர். முப்பது வயது இருக்கும். வாய் ஓயாது. எபாக்சி போட்டால் தரை ஒரே வழவழப்பாக, ஒட்டுப் போடாத தட்டு மாதிரி ஆகிவிடுமாம். வாக்கர் எங்கும் இடறாது. சிமென்ட் தூசி கிளம்பாது. வழுக்காமல் இருக்க மேலே மணல் தூவுவாராம்.

"பூசறது ஒரு நாள் வேலைங்கம்மா. அதுக்கு முன்னால தரையக் கழுவித் தயார் பண்றதுதான் நொம்ப முக்கியமுங்க. அழுக்கு மேல பூசுனா வெயில்ல தோல் உரியறாப்பல உரிஞ்சு வந்துரும்."

சோப்புத் தண்ணீர், கம்பி பிரஷ். அவர் ஒரு மூலையிலிருந்து, நான் இன்னொரு மூலையிலிருந்து. ஐம்பத்தாறு வயதில் முட்டி போட்டுத் தரை தேய்க்க வேண்டுமென்று என் தலையில் எழுதியிருக்கிறது. சாயங்காலம் முட்டிக்கு வெந்நீர். இவருக்கு ரவைக் கஞ்சி. பாதி மிச்சம்.

பிப். 12, வியாழன்

இன்று ஆசிட். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல என்று செந்தில் மூன்று தரம் சொன்னார். முகத்தில் துணி, கையில் உறை. ஊற்றியதும் தரையெல்லாம் சுர்ரென்று நுரை.

நடுவில் மட்டும் நுரையே இல்லை. நீளவாக்கில், ஜீப் நின்ற அளவுக்கு. வண்டி போன பிறகும் அதன் இடம் அப்படியே கிடந்தது.

கழுவிவிட்டு அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினார். உள்ளே இறங்கவில்லை. முத்தாக நின்றது.

"ஆயில் ஊறிக் கெடக்குதுங்கம்மா. கசிஞ்சதில்ல, வேணும்னே ஊத்தித் தேச்சிருக்காங்க. எந்த மடையன் பண்ணுன வேலைங்க இது?"

"முன்னால ஒரு டிரைவர் இருந்தாருங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மேலே ஜன்னல் திறந்திருந்தது. வியாழக்கிழமை என்றால் பழைய பாட்டுக் கேட்க இவர் அங்கேதான் இருப்பார், ரேடியோவுக்குப் பக்கத்தில். ரேடியோ ஓடவில்லை. நாங்கள் பேசினது மேலே கேட்டிருக்கும்.

இரவு கஞ்சி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

பிப். 13, வெள்ளி

செந்தில் வரவில்லை, சொந்தத்தில் கல்யாணமாம். நல்லதாகப் போயிற்று.

வருஷா வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் இவர் ஜீப்பைக் கழுவி மாலை போடுவார். எஞ்சினிலிருந்து எடுத்த கருப்பு ஆயிலை வீணாக்காமல் ஷெட்டில் ஜீப் நிற்கிற இடத்தில் ஊற்றித் துணியால் தேய்ப்பார். தூசி கிளம்பாது, கரையான் வராது. இங்கே ஜீப் வைத்திருக்கிற எல்லாரும் செய்கிறதுதான். தரை கண்ணாடி மாதிரி மின்னும். பக்கெட்டை எடுத்துக் கொடுத்தது யார்? நான். அவர் மடையன் என்றால் நானும்தான். நேற்று அதைச் சொல்லியிருக்கலாம். யாரோ ஒரு டிரைவர் ஆக்கிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

வாங்க: ஆப்பசோடா, கொசுவத்தி, அவருக்குத் துண்டு 2.

பிப். 14, சனி

கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், இவர் ஏழாவது படியில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கியிருக்கிறார். வேட்டியெல்லாம் பாசி. பையைப் போட்டுவிட்டு ஓடினேன். வலது கையை உயர்த்தி, வராதே என்றார். மிச்சப் படிகளையும் அப்படியே இறங்கினார். நான் பக்கத்தில் நின்று அழுதேன். வேறு வேலை இல்லை.

ஷெட்டுக்குள் செந்தில் பிரஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அந்த மடையன் நாந்தான் சாமி" என்றார் இவர். குழறினாலும் புரிந்தது.

"ஐயோ, தெரியாமச் சொல்லிட்டனுங்க. மன்னிச்சுக்கோங்க."

"அத உடு கண்ணு. நீ ஊத்துன ஆசிட்டு ஆயிலுக்குக் கேக்காது. காஸ்டிக் சோடாவ வெந்நில கரைச்சு ஊத்தித் தேயி. மரத்தூளப் போட்டு ஒத்தி எடு. எஞ்சினுக்கு நேர் கீழ எடம் இருக்குது பாரு, அங்க அதுவும் கேக்காது. கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் போடு."

உட்கார்ந்தவாக்கில் நகர்ந்துபோய், உளி வைக்க வேண்டிய இடத்தைக் கையால் வட்டம் போட்டுக் காட்டினார். செந்தில் சாக்பீஸால் கோடு கிழித்துக்கொண்டே பின்னால் போனார். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் மத்தியானம் இரண்டு தோசை.

பிப். 16, திங்கள்

பனி இல்லை. நல்ல வெயில். நாற்காலி போட்டு உட்கார்ந்து இவர் அதிகாரம், செந்தில் "சரிங்க, சரிங்க" என்று வேலை. இரண்டு தரம் காஸ்டிக், மறுபடி ஆசிட், அதன் வீரியம் போக ஆப்பசோடாத் தண்ணீர், ஐந்து தரம் கழுவல். இந்தத் தடவை எல்லா இடத்திலும் நுரை வந்தது. சொட்டுத் தண்ணீர் விட்டதும் தரை குடித்துவிட்டது. கொத்தின இடத்தில் புதுக் கான்கிரீட். அது காய ஒரு மாதமாவது ஆகும், பிறகுதான் எபாக்சி.

செந்தில் அடிவாரத்துக்குப் போகிற பஸ்ஸுக்குக் கிளம்பின பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும். துடைப்பத்தோடு நின்றேன்.

"சரசு."

பல நாளைக்குப் பிறகு.

"இங்க ஒரு கட்டிலா, ரெண்டா?"

"ரெண்டுதானுங்க. பின்ன நான் எங்க படுக்கறது?"

அவர் முகம் என்னவோ ஆயிற்று. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷன் இத்தனை நாளும், நான் மேலே இருந்துகொண்டு தன்னை மட்டும் இங்கே விடப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார். நானும் வருகிறேன் என்று ஒரு தரம்கூட நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமென்றே தோன்றவில்லை.